விழிதியூர் சாலையில் மழை

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன வருஷம், ஐப்பசி மழையில் எங்கள் மகள் காய்ச்சல் கண்டு இறந்தாள். நான்கு வயது. விழிதியூரில் என் மாமனார் வீட்டில் தாயும் மகளும் இருந்தார்கள். தகவல் கிடைத்து நான் போனதும், இருவரையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வண்டிக்காரன் எவ்வளவு அதட்டியும் சேற்றில் மாடுகள் திணறின. நான் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நான் டிராயிங் வாத்தியார். சென்னையில் படித்தபோது செப்புத் தகட்டில் படம் கீறி அச்செடுக்கக் கற்றிருந்தேன். நாங்கள் குடியிருந்த தருமபுரத்து வீட்டில் சிறிய உருளை அச்சு எந்திரம் ஒன்றும் இருந்தது.

“பாப்பா முகத்தைப் போட்டுக் குடுங்க” என்றாள் மனைவி. குழந்தையை ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. மூன்று முறை வரைந்தேன். “இது வேற யாரோங்க” என்று மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தாள். உண்மைதான். எனக்கு வயலும் ஆறும் மரமும் வரும், முகம் வராது.

தை மாதம், அவளிடம் சொல்லாமல், மெழுகு பூசிய தகட்டில் அந்தச் சாலையைக் கீறினேன். இரண்டு சக்கரத் தடங்கள், தண்ணீர் நின்ற வயல், ஒற்றைப் பனை. வண்டியைப் போட மனம் வரவில்லை. அமிலத்தில் கோடுகளை அரிக்கவிட்டு, மை பூசித் துடைக்கும்போது, வானத்தில் மட்டும் மெல்லிய படலமாக மையை விட்டுவைத்தேன். தாளில் அது மழை இருட்டாக விழுந்தது. பனையைத் தாண்டியதும் தடங்கள் அந்த இருட்டுக்குள் கரைந்துபோயின.

தாள் காய்ந்துகொண்டிருந்தபோது அவள் வந்து பார்த்தாள். பிறகு பனையின் அடியில் விரலை வைத்தாள்.

“இங்கதாங்க.”

“என்னது?”

“இங்க வரும்போதுதான் மூச்சு நின்னுச்சு. மடியிலதானே கெடந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ஏன் சொல்லல?”

“சீக்கிரம் ஓட்டு, சீக்கிரம் ஓட்டுன்னு கத்திக்கிட்டே முன்னால போனீங்க. எப்படிங்க சொல்றது?”

அந்தப் படத்தை மாட்ட வேண்டாம் என்றாள். மறுபடி முகம் வரையச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

பனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த வழியில் ஒருமுறை நான் திரும்பி, “தூங்குறாளா?” என்று கேட்டிருந்தேன். துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.