மார்க் இல்லாத தோணி

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கிற அலுவலகத்தில் அவளைத் தோணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குக் கேள்வி எழுதுவது அவள் வேலை. மற்றவர்களுக்கு முதலில் எண் தோன்றும், அவளுக்குத் தண்ணீர். குழாய் ஒழுகும், தொட்டி நிரம்பும், ஆற்றில் தோணி போகும். ஜன்னலோர மேஜையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள் என்றால், "அக்கா கரைக்கு வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள்.

புதுக் கேள்வி எதுவும் நேரே மார்க்குக்குப் போகாது. ஒரு வருஷம் நிஜக் கேள்விகளுக்கு நடுவில் வெள்ளோட்டம் விடுவார்கள். மார்க் கிடையாது, எது வெள்ளோட்டம் என்று எழுதுகிற பிள்ளைகளுக்கும் தெரியாது.

அப்படி விட்டதில் ஒன்று அவளுக்கு உயிர். முந்நூறு மீட்டர் அகல ஆறு. எதிர்க்கரைக்கு நேராக மூக்கை வைத்த தோணி, விநாடிக்கு மூன்று மீட்டர் போகிறது. ஆறு அதைப் பக்கவாட்டில் விநாடிக்கு நான்கு மீட்டர் இழுக்கிறது. கரை சேர எத்தனை விநாடி? விடை நூறு. இழுப்பினால் தோணி தள்ளிப்போய்ச் சேருமே தவிர, நேரம் கூடாது, குறையாது.

விடைத்தாள்களை மெஷின் படித்து முடித்ததும், புள்ளிவிவரம் பார்க்கிற தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, உங்க தோணி கவுந்துடுச்சு."

"ஏன், யாருக்கும் விடை வரலையா?"

"வந்துச்சு. மத்ததுல கோட்டை விட்டவங்க முந்நூறை மூணால வகுத்து நூறுன்னு போட்டுட்டாங்க. நல்லா எழுதினவங்கதான் மூணையும் நாலையும் பிதாகரஸ் சூத்திரத்துல சேத்து அஞ்சாக்கி, அதால வகுத்து அறுபதுன்னு போட்டிருக்காங்க. கெட்டிக்காரங்களைக் கவுக்கற கேள்வியை வச்சு எப்படிக்கா அளக்கறது?"

கேள்வி குப்பைக்குப் போனது. அன்று மாலை அவள் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

பல வருஷம் கழித்து, கடைவாய்ப் பல்லை அடைக்கப் போனாள். பல் டாக்டர் சின்னப் பெண், வாய் ஓயாதவள். அக்காவின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பஞ்சைத் திணித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அந்தப் பரீட்சையா ஆன்ட்டி! ஒரு தோணிக் கணக்கு வந்துச்சு பாருங்க. அறுபதுன்னு போட்டேன். ஆனா மனசு கேக்கல. அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன். கடைசி ரெண்டு கேள்வியைப் புரட்டக்கூட நேரமில்ல. சீட் போச்சு. ஒரு வருஷம் வீட்ல இருந்து மறுபடி எழுதினேன்."

மேலே வெள்ளை விளக்கு. உதட்டோரக் குழாயில் தண்ணீர் களகளவென்று போய்க்கொண்டிருந்தது. மரத்துப்போன கன்னம் யாருடையதோ போலிருந்தது. நாற்காலி மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பெரிய கூடம், குனிந்த தலைகள், ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓர் ஆறு. சத்தமில்லாமல் ஆயிரம் தோணிகள் சாய்வாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் இந்தப் பெண் துடுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சை எடுத்ததும் அக்கா குழறிக்கொண்டே சொன்னாள்: "நூறும்மா. விடை நூறு. நான் எழுதினதுதான். அதுக்கு மார்க்கே கிடையாது."

டாக்டர் கையுறையைப் பாதி கழற்றியபடி நின்றாள்.

"அப்போ ஒரு வருஷம்...?"

"ஆமா."

டாக்டர் கையுறையைக் கழற்றி முடித்தாள். பிறகு சிரித்தாள், முழுச் சிரிப்பில்லை. "அந்தக் கூடத்துல காத்து வந்த மாதிரி இருந்தது அந்த ஆத்துல மட்டும்தான் ஆன்ட்டி. இந்தப் பக்கம் மெல்லாதீங்க."

அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து, வெள்ளோட்டக் கேள்விகளைத் தனியாகக் கடைசியில் வைக்கச் சொன்னாள். தெரிந்துவிட்டால் யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று மறுத்தார்கள். அவள் விடவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் நேரம் பிடிக்கிற எதையும் இனி வெள்ளோட்டம் விடுவதில்லை என்ற அளவுக்கு மேலதிகாரி இறங்கி வந்தார். அதன்பின் அவள் எழுதியதெல்லாம் குட்டிக் குட்டிக் கேள்விகள். அவற்றில் பல மார்க்குக்குப் போயின.