இரண்டாவது பொத்தான்

கலியன் வடக்கே சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில், தகட்டை அழுத்தி வடிவெடுக்கும் பிரஸ் பகுதி சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதே அளவுக்குக் கதை எழுதும் பித்தும் உண்டு. பக்கத்து நிக்டியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் தமிழ்க் கதை வட்டத்தில் அவர் நோட்டைப் பிரித்தால் மற்றவர்கள் மெல்லக் கைக்கடிகாரம் பார்ப்பார்கள். மனுஷன் கண்டுகொள்ளவே மாட்டார்.

இந்த முறை வாசித்தது தன் கீழ் வேலை பார்க்கும் தமிழ் ஆபரேட்டர் இஸ்மாயிலின் கதை, பெயரை மட்டும் மாற்றி. பத்து நாளுக்கு முன் பிரஸ்ஸில் மூன்று விரல்களைப் பறிகொடுத்தவன். மறுநாள் விசாரணை. கவனக்குறைவு என்று கலியன் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கை எடுபட்டுவிட்டால் அவன் வேலையும் போய்விடும். கதையிலும் அதே வரிதான்: 'கவனக்குறைவால் விரல்கள் போயின.'

"சொல்லிட்டு ஓடிடுறீங்க சார். காட்டுங்க," என்றாள் ஐ.டி. கம்பெனி ப்ரீத்தி. "ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் கை எப்படி உள்ள போச்சு?"

கலியனுக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண், தன்னிடமே கேள்வியா!

ரோஷத்தோடு வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். பிரஸ் இறங்குகிறது. தகட்டோடு விரல்கள் நசுங்குகின்றன. எலும்பு நொறுங்குகிறது. சூடான ரத்தம் கலியனின் சட்டையில் தெறிக்கிறது. இஸ்மாயில் அலறிக்கொண்டு மறு கையால் இழுக்கிறான், கை வரவில்லை. நசுங்கிய கை ஏன் இரண்டாவது பொத்தானில் இல்லை? அந்தப் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி இடுக்கில் மரக்கட்டை செருகியிருந்தது. உற்பத்தி ஏற வேண்டுமென்று காலையில் சுத்தியலால் அதைத் தட்டி இறக்கிய கையையும் காட்டியாக வேண்டும். அது கலியனின் கை. பேனாவைச் சுவரில் விட்டெறிந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

விசாரணையில் நடந்ததைச் சொல்லச் சொல்லி மானேஜர் "போலோ" என்றதும் இந்தியில் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நோட்டைப் பிரித்துத் தமிழில் படிக்கத் தொடங்கினார். தமிழ் தெரியாத மானேஜர் விழித்தார். எலும்பு நொறுங்கும் வரி வந்தபோது, கட்டுப்போட்ட கையோடு எதிரில் இருந்த இஸ்மாயில் நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்தான்.

"எனக்கு எதுக்குண்ணே காட்டுறீங்க? நான் அங்கதானே இருந்தேன்! இவங்ககிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு வரி!"

கலியன் நோட்டை மூடினார். மானேஜரைப் பார்த்து இந்தியில் சொன்னார்: "கட்டையைச் செருகினது நான்தான் சார்."