இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு

"காலைல என்ன சாப்டீங்க? சட்னியா, சாம்பாரா? யார் செஞ்சாங்க?" கேட்டுக்கொண்டே மேசைக்கு அடியில் விரல் மடக்குகிறார் கோகிலவாணி. கணினித் திரையில் இருக்கும் கேள்விகளில் சட்னி கிடையாது. மறுமுனையில் இருப்பவர் ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணத்தான் அதைக் கேட்கிறார். ஆறு என்றால் நல்லது. நான்கு, பரவாயில்லை. இரண்டு என்றால் அவருடைய நெற்றி சுருங்கிவிடும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். நான் சர்க்கரை நோயாளிகளை அழைப்பவள். பக்கத்து நாற்காலியில் அவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளை. தினம் நாற்பது பேர். இருமல், சளி, மூச்சிரைப்பு ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணைத் தட்டினால், யாருக்குத் திணறல் முற்றப்போகிறது என்று மென்பொருள் முன்கூட்டியே சொல்லும். மொத்தம் பத்தைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் அன்றே டாக்டர் அழைப்பார். ஆனால் பாதிப் பேர் உண்மை சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார்கள் என்ற பயம்.

கோகிலவாணிக்கு நாற்பத்தெட்டு வயது. சேலையூரிலிருந்து நடந்தே வருவார். மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார். "காதுக்கும் லீவு வேணும்ல?" என்பார். வீட்டில் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டாராம், வாசிப்பவரின் மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவதால்.

போன டிசம்பரில் முடிச்சூர் துளசிங்கத்தை அழைத்தார். வேன் பட்டறையில் முப்பது வருடம் பெயிண்ட் அடித்தவர்.

"இன்னாம்மா... நல்லா கீறேன்... எல்லாம் ஜீரோ... போட்டுக்கோ."

கோகிலவாணி தானாகவே சிவப்பு என்று குறித்தார். மேலாளர் அனந்தகிருஷ்ணன் அதைப் பச்சையாக மாற்றினார்.

"ஸ்கோர் ஜீரோ. அப்புறம் எப்படிம்மா ரெட்டு?"

"சார், அவரால பேசவே முடியல."

"அது கேள்வியில இல்லையே. உங்க ஃபீலிங்கை எல்லாம் டேட்டான்னு போட முடியாது."

மூன்றாம் நாள் போனை எடுத்தது துளசிங்கத்தின் மனைவி. "நேத்து காலைல பூட்டாரு" என்றார். அந்தம்மாள் கோபமே இல்லாமல் கேட்டாராம்: "தெனம் கேட்டியேம்மா. கேட்டு இன்னா பண்ணே?"

அன்றிலிருந்து கோகிலவாணி பொய் எழுதுகிறார். இரண்டு வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறவர் "ஜீரோ" என்று சொன்னால், இருமலுக்கு நான்கு, சளிக்கு நான்கு, மூச்சுக்கு மூன்று என்று தட்டுவார். சிவப்பு வரும். டாக்டர் அழைப்பார். பெரும்பாக்கத்துக் கிளியம்மாள் அப்படித்தான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தார். இன்னும் சிலரும்.

"தப்புதான்" என்றார் என்னிடம். "மாட்டினா வேலை போயிடும். ஆனா அந்தம்மா கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" (கோகிலவாணி என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல.)

சென்ற வெள்ளிக்கிழமை, மென்பொருளை எழுதியவர்கள் சிறுசேரியிலிருந்து இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். சிவப்பு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு உண்மையிலேயே நோய் முற்றியிருந்ததாம். சுவரில் வரைபடம் ஏறிக்கொண்டே போனது.

"பேஷன்ட்டுக்கே தெரியறதுக்கு முன்னாடி நம்ம சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிடுது" என்றார் அனந்தகிருஷ்ணன். "அடுத்த மாசத்துலேர்ந்து மெஷினே கால் பண்ணி ஸ்கோர் வாங்கிக்கும். ஆளே தேவையில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று புரியும் முன்பே நானும் தட்டிவிட்டேன். கோகிலவாணி மட்டும் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. இணைப்பில் யாரோ இருந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பாமலே, உள்ளங்கையை உயர்த்தி, சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.