ஏழுமலை என் கார்க் கண்ணாடியில் ஊற்றிய தீர்த்தம்

ஏழுமலை இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, வீட்டில்.

மாரடைப்பு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆண் திடீரென்று இறந்தால், கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, என்ன குடித்தார் என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் அழவே தொடங்குகிறார்கள். போன் வந்ததும் நானும் அதைத்தான் கேட்டேன்.

அவர் குடிப்பவர் அல்லர். பயப்படுபவர்.

சேலம் சாலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், என் பழைய காரை இன்னும் நானே ஓட்டுகிறேன் என்றால் அது அவரால்தான்.

உடலைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் அவருடைய ஊர். இருட்டுவதற்குள் அடக்கம்.

நான் போக வேண்டும். மழை இப்போதுதான் விட்டது... அதுதான் மோசம். பெய்தால் அதுவே கண்ணாடியைக் கழுவிவிடும். விட்டபின் சாலையில் சேறு மட்டும் இருக்கும். என் காரிலோ, முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் வேலை செய்யவில்லை.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

முதன்முதலில் அந்த வாஷருக்காகத்தான் அவரிடம் போனேன். லீவரை இழுத்தால் மோட்டார் முனகும். கண்ணாடியில் நூல் போல ஓர் ஒழுக்கு. காருக்குள் செத்த எலி நாற்றம்.

பானட்டைத் திறந்து டேங்கில் மூக்கை வைத்தவர், வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா, இதுல கொழம்பு கிழம்பு ஊத்தி வச்சிக்கினு இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து அவர் எடுத்தது வேப்பிலை. மஞ்சள் தண்ணீரில் ஊறி அழுகிய வேப்பிலை.

என்னோடு வசிக்கும் நாத்தனார் சரோஜாவின் கைங்கரியம். மாரியம்மன் கோயில் தீர்த்தத்தைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாதாம். குடித்தது போக மிஞ்சியதை வாஷர் டேங்கில் ஊற்றியிருக்கிறாள். ஆத்தா காரையும் காப்பாள் அல்லவா.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தா தண்ணியா? இத எங்கன்னு நான் தொறந்து வுடறது?"

ஒர்க்‌ஷாப் தரையில் வடிக்க மறுத்துவிட்டார். பக்கெட்டில் பிடித்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் டேங்கை வெந்நீரால் அலசினார், டியூபில் காற்றடித்தார், தண்ணீர் பீய்ச்சும் நாஸிலை ஊசியால் குத்தினார்.

"இனிமே வெறும் தண்ணிய மட்டும் ஊத்துங்க. அதையும் அப்பப்ப மாத்துங்க. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"ஆத்தாவ வேணான்னு சொன்னா மாதிரி ஆயிடும்."

நான் சொன்னேன். சரோஜா கேட்கவில்லை.

சென்ற வருடம் அவருடைய ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்களை அழைத்தார். மழை விட்டதும் அவரும் எங்களோடு காரில் மலையிறங்கினார். முன்சீட்டில் அவர். பின்சீட்டில் சரோஜா, மடியில் புதிய தீர்த்தம், ஒரு பெரிய பாட்டில் நிறைய.

கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அவர் விடவே இல்லை. மலைக்காரருக்கு இவ்வளவு பயமா என்று கேட்டேன்.

"மலைக்காரனுக்குத்தான் டீச்சரம்மா பள்ளம் எம்மாம் ஆழம்னு தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒரு வளைவுக்கு முன்னால், எதிரே வந்த மரவள்ளிக்கிழங்கு லாரி சேற்றை அள்ளி எங்கள் கண்ணாடி முழுக்க அடித்துவிட்டுப் போனது.

வைப்பரைப் போட்டேன். செம்மண்ணை அரைவட்டமாகப் பூசியது. சாலை இல்லை. லீவரை இழுத்தேன். முனகல்... பிறகு அழுகிய வேப்பிலை நாற்றம்.

நிறுத்தலாம் என்றால், பின்னால் பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடி இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் ஒரு கார் நிற்கும் என்று அந்த டிரைவருக்கு எப்படித் தெரியும்? இடப்பக்கம் பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது.

ஏழுமலை கைப்பிடியை விட்டார். "அக்கா, அந்த பாட்டில குடு!"

"இது தீர்த்தம்டா!"

"குடுக்கா!"

பிடுங்கினார். கதவுக் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டி, முன்கண்ணாடியில் அப்படியே கவிழ்த்தார்.

"கால் படற ரோடுடா, பாவி!" என்று கத்தினாள் சரோஜா.

அவர் பக்கம் மட்டும் தெளிந்தது. நான் அவர்மேல் சாய்ந்து அதன் வழியே பார்த்தேன். ஓரத்துக் கல் தெரிந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"ஸ்டியரிங்க ஒடிங்க! வலது பக்கம் ஒடிங்க!"

ஒடித்தேன். வளைவு கடந்து, சாலை அகன்ற இடத்தில் நிறுத்தினேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

ஏழுமலை காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தீர்த்தம் சிந்திய இடத்தைத் தேடிக்கொண்டு வந்த வழியே நடந்தார். சாலை முழுக்கவே நனைந்திருந்தது.

இன்று காலை செய்தி கேட்டதும் சரோஜா சொன்னாள்: "அன்னிக்கி ஆத்தா தண்ணிய ரோட்டுல ஊத்துனான்ல..."

"ஊத்தலன்னா இதச் சொல்ல நீ இருந்திருக்க மாட்டே" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

வாஷரை வரும் வெள்ளிக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மறுபடி தீர்த்தம் ஊற்றவில்லை என்று சரோஜா சத்தியம் செய்கிறாள். டேங்கின் நாற்றம் வேறு சொல்கிறது. நாஸிலை நானே ஊசியால் குத்திப் பார்த்துவிட்டேன். வேறு யாரிடமாவது காட்டலாம் என்று போனால், சேலம் சாலையில் ஒர்க்‌ஷாப்கள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. ஏழுமலைக்காக.

அடக்கத்துக்குள் போய்ச் சேரும் பஸ்ஸும் இல்லை. காரின் பக்கத்தில் நின்று போனில் இதை எழுதுகிறேன்.

சரோஜா காரில் ஏறிவிட்டாள். எப்போதும் பின்சீட்டில் உட்காருபவள், இன்று முன்னால் உட்கார்ந்து கதவுக் கண்ணாடியை இறக்கி வைத்திருக்கிறாள். மடியில் பெரிய பாட்டில். குழாய்த் தண்ணீர். நான் முகர்ந்து பார்த்துவிட்டேன்.

வருகிறோம், ஏழுமலை. மெதுவாகத்தான்.