சீமாறப் போட்டுட்டு வாங்க

இது நடந்த சம்பவம். நம்பாதவர்கள் குன்னூர் பக்கத்து ஜெகதளாவுக்கு வந்து ஜூடித்தையே கேட்கலாம். கேட்டால் திட்டுவாள், அது வேறு விஷயம்.

பழைய தேயிலை ஃபேக்டரி ஒன்றை ஒரு கம்பெனி ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தது. பல்லேடியமும் வெள்ளியும் கலந்த மெல்லிய தகடு செய்வது ஜூடித்தின் வேலை. கலந்து வரும் வாயுக்களில் ஹைட்ரஜனை மட்டும் அந்தத் தகடு தன் வழியே விடும். ஆனால் நன்றாகச் சூடேறும் முன் ஹைட்ரஜன் பட்டால் போச்சு, உப்பி விரிசல் விட்டுவிடும். அப்படித்தான் தகடுகள் வரிசையாகப் பாழாயின. ஹைட்ரஜன் வால்வை மூடிவைத்தது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். யார் திறந்தது?

"இன்னொண்ணு போச்சுன்னா நீ மூட்டையைக் கட்டிக்கம்மா," என்று மேனேஜர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

ஜூடித்துக்கு டெக்னீஷியன் பொன்ராஜ் மேல்தான் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க, மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் தகட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெளியே பனிமூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஸ்ஸ்ஸ்...

வால்வு திறந்திருந்தது. பக்கத்தில் யாருமில்லை. மூடினாள். கண்ணெதிரே அது மெல்லத் திரும்பியது.

டிக்.

தகட்டில் விரிசல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது கதவுக்கு வெளியே பொன்ராஜின் குரல்.

"ஏனுங்க மேடம், கேஸ் லீக்குங்க! ஓடியாங்க!"

ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் லீக் என்றால் அங்கே எல்லோரும் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடப்பார்கள்; தீ இருந்தால் அதன் நுனி பற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். மறந்தால் பொன்ராஜ் கத்தித் தீர்த்துவிடுவார். பழக்கத்தில் ஜூடித்தும் நீட்டினாள்.

கதவருகே துடைப்பத்தின் நுனி பற்றியது. அவள் முகத்துக்கு நேரே.

"அந்தச் சீமாறப் போட்டுட்டு வாங்க..."

ஐயோ! பொன்ராஜ் அப்படிச் சொல்ல மாட்டாரே.

"போடுங்க..."

குரல் இப்போது உள்ளே.

"போடுடீ!"

ஜன்னல் வழியே குதித்தாள். தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடினாள். கீழ் ரோட்டில் சாப்பாட்டுத் தூக்குடன் பொன்ராஜ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க மேடம்?"

சோப்புத் தண்ணீர் தடவிக் குழாய் முழுக்கச் சோதித்தார்கள். எங்கேயும் கசிவு இல்லை.

ஜூடித் வேலையை விட்டாள். அவளுக்கு முன் அதே வேலையில் இருந்த மோசஸ் வேலையை விட்டுப் போய்விட்டதாகத்தான் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சில மாதம் கழித்து குன்னூர் சர்ச்சில் அவர் மனைவி தபித்தாளைப் பார்த்தாள். மோசஸ் அதே கதவருகே கருகி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாராம்.

"'பொன்ராஜ் கூப்புட்டாரு, அதான் போனேன்'னு மட்டும் சொன்னாருங்க," என்றாள் தபித்தாள். "அது யாருன்னு நாங்களும் தேடாத இடமில்லைங்க."

மோசஸைக் கூப்பிட்டது நீங்களா என்று ஜூடித் பொன்ராஜுக்கு போன் செய்து கேட்டாள்.

"மேடம்... அவரு செத்ததுக்கு அடுத்த வருசந்தானுங்க நான் இந்த மலைக்கே வந்தேன்."