செதிலைக் கரைக்கும் நொதி

குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தில், ஏலக்கூடத்துக்குப் பின்னால் மீன்செதில் குவிந்து அழுகும் ஒரு மூலை உண்டு. அந்தச் சேற்றிலிருந்துதான் ஸ்மிதா தன் பாக்டீரியாவை எடுத்தாள். வள்ளத்தில் கடலுக்குப் போகும் ஏசுஅடிமையின் மகள் அவள். பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அந்த பாக்டீரியா சுரக்கும் ஒரு நொதி, செதிலின் கெட்டியான புரதத்தையே அறுத்துக் கரைத்துவிடும். எப்படி அறுக்கிறது என்று அறிய அதன் உருவத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே கதிரில் காட்ட வேண்டும்.

படிகம் வளரவில்லை. ஒருமுறை வளர்ந்துவிட்டதென்று ஆய்வகம் முழுவதற்கும் லட்டு கொடுத்தாள். பிறகு ஊசியால் தொட்டாள், டக்கென்று உடைந்தது. புரதப் படிகமென்றால் மெத்தென்று நசுங்கும்; இது வெறும் உப்பு.

"வேற தலைப்புக்கு மாறிரும்மா. வருஷம் போவுதுல்லா," என்றார் வழிகாட்டி தேவகுமார்.

"இன்னும் ஒரு தடவ பாக்கேன் சார்."

தூய்மைப்படுத்திய நொதியை, செதிலிலிருந்து எடுத்த கூழில் விட்டுப் பார்த்தாள். கூழ் அப்படியே இருந்தது. நொதி செயலற்றுப் போயிருந்தது. தொடக்கத்தில் நன்றாக வேலை செய்தது, எந்த இடத்தில் கெட்டது? ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பார்த்தாள். நொதி தன்னையே அறுத்துக்கொள்ளாமலிருக்க வழக்கமாகச் சேர்க்கும் ஒரு ரசாயனத்தில் வந்து நின்றாள். உலோகங்களைக் கவ்வி இழுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நொதிக்குள் இருந்த உலோகத்தையும் அது பிடுங்கியிருக்கலாம்; இவ்வகை நொதிகளில் அது பெரும்பாலும் துத்தநாகம்.

செத்துக் கிடந்த நொதியில் துத்தநாகக் கரைசலை ஒரு சொட்டு விட்டாள். டீ குடித்துவிட்டு வந்து குழாயைச் சாய்த்தபோது, கூழ் தண்ணீராய் ஓடியது.

அந்த ரசாயனத்தைத் தவிர்த்து, நொதி தன்னையே அறுக்காதிருக்கக் குளிரில் வைத்தே மறுபடி தூய்மைப்படுத்தினாள். இம்முறை வந்த படிகம் ஊசி பட்டதும் வெண்ணெய்போல் நசுங்கியது. புரதம்தான்! மீதிப் படிகங்கள் எக்ஸ்ரே நிலையத்துக்குப் போயின.

உருவம் கணினித் திரையில் தெளிந்த வாரம், இன்ஜின் பாகம் வாங்க நாகர்கோவில் வந்திருந்த அப்பாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். திரையில் இரண்டு மடல்கள். நடுவே ஒரு பள்ளம். அதன் அடியில் ஒற்றைத் துத்தநாக அணு. மூன்று பக்கம் புரதம் அதைப் பிடித்திருந்தது. நாலாவது பக்கம் ஒரு நீர் மூலக்கூறு.

"அந்தத் தண்ணிய வச்சுத்தான் செதில அறுக்குது அப்பா."

"தண்ணிய வச்சா? உள்ளதா மக்கா?"

"உள்ளதுதான்."

"நடுவுல இருக்கத யாரு கொண்டு வச்சா?"

"யாரும் வைக்கல்ல. அதுவே எடுத்திருக்கு. நம்ம கடல்ல துத்தநாகம் இருக்கதே தெரியாது, அவ்வளவு கொஞ்சம்."

ஏசுஅடிமை திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இன்னொருக்கா சுத்திக் காட்டு," என்றார். அவள் உருவத்தை மெல்லச் சுழற்றினாள். தினமும் பார்க்கிற அவளும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பட்டம் கிடைத்தது. இப்போது வயல்மண் பாக்டீரியா ஒன்றின் நொதியை ஆராய்கிறாள். அதில் துத்தநாகத்துக்குப் பதில் மாங்கனீசு இருக்கலாம் என்கிறார்கள். அவள் இன்னும் பார்க்கவில்லை.