கூரையிலிருந்து காட்டிய கை

டெல்பர்ட் ஹாகனுக்கு எழுபது தாண்டியும் வீம்புக்கு மட்டும் ஒரு வயசுகூட ஏறவில்லை, அது அப்படியே இளமையாக இருந்தது. வடக்கு டகோட்டாவில் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்று, லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பெரிய வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, குளிர்காலம் வந்தால் மனைவி ஆர்லிஸோடு எங்கள் அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவார். ஆர்லிஸ் இறந்து இது இரண்டாவது குளிர்காலம். இப்போது தனியாக வருகிறார்.

எங்கள் பாலைவனத்தில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. வண்டிக்கு முன்னால் பாதையைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தால், வந்து உட்காரலாம். நாற்காலி இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாவு விழுந்த புதிதில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வேகவைத்த பாத்திரங்களோடு ஆட்கள் வந்தார்கள். டெல்பர்ட்டுக்கு அந்தப் பரிதாபப் பார்வை தாங்கவில்லை. ஆர்லிஸின் நாற்காலியை மடித்து உள்ளே வைத்தார். தன் நாற்காலியை வண்டிக்குப் பின்னால், மலையைப் பார்க்கப் போட்டுக்கொண்டார். ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள், விலகிக்கொண்டார்கள். விலகிவிட்டார்களே என்று அவருக்கு உள்ளுக்குள் கோபம். இந்தக் கோபத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

அந்த மார்ச்சில் ஒருநாள் மழை பெய்தது. அவர் வண்டியில், பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டில் பெட்டி மாதிரி வெளியே நகரும் அறை ஒன்று உண்டு. ஸ்லைடு என்பார்கள். அதன் கூரை ஓரத்தில் பசை காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியாக ஒழுகிய தண்ணீர் சரியாக ஆர்லிஸ் உட்காரும் சாய்வு இருக்கையில் விழுந்தது. வேறு எங்கே ஒழுகியிருந்தாலும் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்.

ஆட்கள் ஒவ்வொருவராக வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்தது, பாதையின் கோடியில் இருந்த லோர்னா பெட்ரி ஒருத்திதான். கனடாக்காரி, தனி ஆள், கூட ஒரு கிழட்டு நாய். அவளும் மறுநாள் காலையில் புறப்படுகிறாள். ஏணியைப் பிடிக்க அவளைக் கூப்பிட்டிருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இந்தப் பிள்ளைதான் வாயைத் திறக்காதே.

வேலையை முறையாகத்தான் தொடங்கினார். ஸ்லைடின் கூரை ஆள் பாரம் தாங்காது. அதனால் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் இருக்க பிளைவுட் பலகையை முதலில் மேலே ஏற்றிப் பரப்பினார். பிறகு ஸ்லைடின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல வருஷத்துக்கு முன், இவர் மேலே இருப்பதை மறந்து ஆர்லிஸ் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்திவிட்டாள். இவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு தப்பினார். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். இன்று உள்ளே அழுத்துவதற்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்ப் பிடுங்கியது.

ஏணியைக் கட்ட மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏணியின் காலை ஆர்லிஸ்தான் பிடிப்பாள். "நான் பிடிச்சிருக்கேன், நீ இறங்கு" என்பாள். கயிற்றுக்கு வேலையே இருந்ததில்லை.

பலகைமேல் மண்டி போட்டு, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையைப் பாதி தூரம் இழுத்திருப்பார். ஒரு சுழல்காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றியது. காற்று போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஏணி கீழே கிடந்தது.

குதிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். இரண்டு ஆள் உயரம், மாற்று வைத்த இடுப்பெலும்பு. செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. வெயில் ஏற ஏற வெள்ளைக் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்தது.

லோர்னா தன் சின்ன பேட்டரி வண்டியில் நாயை உட்கார வைத்துக்கொண்டு குப்பை கொட்டப் போனாள். டெல்பர்ட் எழுந்து கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். இவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவளும் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டினாள், வண்டி பாதையை விட்டே விலகப் பார்த்தது. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கை காட்டினால் கை காட்டுவதுதானே எங்கள் ஊர்.

அவள் போன பிறகுதான் தான் ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை என்பது அவருக்கு உறைத்தது. பலகையில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் ஃபியூஸ் தட்டுப்பட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இந்த உலகத்தில் இனி அந்தப் பொத்தானைத் தவறுதலாக அழுத்த ஒரு ஆள் இல்லை. அழுகை வந்தது. மேலே இருந்ததால் யாரும் பார்க்கவில்லை, கீழே இருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வரும் வண்டியின் புழுதி தெரிந்தது. இதை விட்டு, நாளைக் காலையில் அவளும் போய்விட்டால், நவம்பரில் ஆட்கள் திரும்பும் வரைக்கும் இந்தப் பாதையில் ஈ காக்கை வராது. தொண்டை வறண்டு கிடந்தது. அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"லோர்னா," என்று கத்தினார். "ஏணி விழுந்திடுச்சு. என்னால இறங்க முடியல. கொஞ்சம் வாங்க."

வந்தாள். மூச்சிரைக்க ஏணியைத் தூக்கி நிறுத்தினாள். "மேலேயே குடித்தனம் போட்டுட்டீங்களாக்கும்னு நெனச்சேன், டெல்," என்றாள். பிறகு ஏணியின் காலை இறுக்கிக்கொண்டு, "நான் பிடிச்சிருக்கேன், இறங்குங்க," என்றாள். டெல்பர்ட் முதல் படியில் கால் வைத்தவர், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கால் நடுங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் இறங்கித் தண்ணீர் குடித்த பிறகு லோர்னாவின் முகம் வாடியது. "நீங்க கூப்பிட்டது எனக்குப் புரியல டெல். ரெண்டு வருஷமா நான் கை காட்டினா நீங்க திருப்பிக் காட்டினதே இல்ல. இன்னிக்குக் காட்டினீங்க. ஒருவழியா மனுஷன் தேறிட்டாருன்னு நாய்கிட்டகூட சொல்லிக்கிட்டுப் போனேன்."

அவள் கை காட்டியதெல்லாம் அவர் பார்த்ததுதான். ஒரு கையைத் தூக்க என்ன செலவு?

"இன்னும் பாதி பாக்கி இருக்கு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க ஏணியைப் பிடிச்சா முடிச்சிடுவேன்."

அன்று முழுக்க மூட்டை கட்ட வேண்டிய வேலையை விட்டுவிட்டு அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வீடு, நாயின் மூட்டுவலி, எல்லாம் பேசினாள். மேலே இருந்தவர் ம் கொட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அவள் வண்டி கிளம்பியது. டெல்பர்ட் பாதையோரம் வந்து நின்று, கையை உயரத் தூக்கி ஆட்டினார். வண்டி சட்டென்று நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு லோர்னா எட்டிப் பார்த்தாள்.

"என்ன டெல், என்ன ஆச்சு? ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் காட்டினேன்."

அவளும் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

புழுதி அடங்கிய பிறகு டெல்பர்ட் பின்பக்கம் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்தார். உள்ளே போய், மடித்து வைத்திருந்த இன்னொன்றையும் கொண்டுவந்து விரித்தார். இரண்டையும் ஆளில்லாத அந்தப் பாதையைப் பார்க்கப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார்.